வேலியோரத்துத் தாவரவியல்

தாவரவியல் என்றதும் எமது மாணவர் பலரின் மனதில் எழுவது ஒரு தடித்த கொப்பியும், அதில் பென்சிலால் வரைந்து பெயர் குறித்த இரண்டொரு படங்களுமே. முன்னர் க.பொ.த. உயர்தரத்தில் தாவரவியல், விலங்கியல் என இரு பாடங்களாக இருந்தவை பின்னர் உயிரியல் என்ற ஒரே பாடமாயின. அந்த ஒரு பாடத்திலும் தாவரங்களுக்கு உள்ள பகுதியை மருத்துவபீடக் கனவோடு படிக்கும் பிள்ளைகள் ஒரு சுமையாகவே கடந்து போகின்றனர். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பரீட்சைக்கு வருவது புத்தகத்தில் உள்ள தாவரம். வீட்டு வேலியில் நிற்கும் தாவரத்துக்கு யாரும் புள்ளி போடுவதில்லை.

ஆயினும் ஆறில்லாத, மலையில்லாத, காடென்று சொல்வதற்கு அதிகம் இல்லாத எமது குடாநாட்டில், தாவரங்களைப் படிக்க வேலியைவிடச் சிறந்த இடம் வேறில்லை என்பது எமது எண்ணம். இங்கு வேலி என நாம் சொல்வது கதியால் வேலியை. உயிருள்ள தடிகளை வரிசையாக ஊன்றி, அவற்றில் ஓலையோ கிடுகோ வைத்துக் கட்டி, ஆண்டு தோறும் அடைத்துப் பேணிய வேலி. எல்லை, மறைப்பு, ஆட்டுக்குத் தீனி, தோட்டத்துக்குப் பசளை, இருமலுக்கு மருந்து, கஞ்சிக்கு இலை என அத்தனைக்கும் அது உதவியது.

அண்மையில் வலிகாமத்துக் கிராமம் ஒன்றில் உயர்தர வகுப்பு மாணவர் சிலரோடு ஓர் ஒழுங்கையால் நடந்தோம். நூறு யார் அளவு நீளமான ஒரு பழைய வேலியைக் காட்டி, அதில் நிற்பவற்றின் பெயர்களை எழுதச் சொன்னோம். பூவரசு, பனை, வேம்பு, முருங்கை, கிளிசிறியா ஆகிய ஐந்துடன் பேனாக்கள் நின்றுவிட்டன. இவர்கள் ஒளித்தொகுப்பின் தாக்கங்களைப் படிமுறை தவறாமல் எழுதக் கூடியவர்கள். படலையைத் திறந்து கொண்டு வந்த ஓர் ஆச்சி, "என்ன மோனை, வேலியைப் பார்த்து எழுதுறியள்? காணி அளக்க வந்தனியளோ?" என்று கேட்டார். விடயத்தைச் சொன்னதும் சிரித்தபடி வேலியோரமாக நடந்து ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்லத் தொடங்கினார். கதியால், கொடி, அடியில் நின்ற பூண்டு எல்லாம் சேர்த்துப் பதினேழு வந்தது. பதினெட்டாவதற்கு அவருக்கும் பெயர் தெரியவில்லை. "உது புதுசு மோனை. எங்கட காலத்தில இல்லை" என்றார். அந்தப் பதினெட்டாவதைப் பற்றிப் பின்னர் சொல்வோம்.

ஆச்சி முதலில் தொட்டது கிளுவை. "பட்டையை உரிச்சுப் பாருங்கோ" என்றார். கடதாசி போல மெல்லிய தோல் உரிந்து வர, உள்ளே பச்சை நிறம் தெரிந்தது. மாணவர்களுக்கு அது வியப்பாக இருந்தது. கோடையில் கிளுவை இலையை உதிர்த்து மொட்டையாக நிற்கும். பார்ப்பவர் பட்டுவிட்டது என நினைப்பர். இலை வழியே நீர் ஆவியாகிப் போவதைத் தடுத்துக்கொண்டு, தண்டின் பச்சையத்தாலேயே ஓரளவு உணவு தயாரித்து அது காலத்தைக் கடத்துகின்றது. எமது ஊரின் மழையில் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். எஞ்சிய காலத்தை எப்படித் தாங்குவது என்ற கேள்விக்குக் கிளுவை கண்டுபிடித்த விடை அது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்று ஞானியர் குழந்தை இயேசுவுக்குக் கொண்டு வந்த வெள்ளைப்போளம் கிளுவையின் நெருங்கிய உறவான ஒரு மரத்தின் பிசின். அந்த மரம் அரேபியாவிலும் சோமாலியாவிலும் வளர்வது. இரண்டும் கொம்மிபோரா என்ற ஒரே சாதியைச் சேர்ந்தவை. நத்தார்க் குடிலுக்குக் கதியால் வெட்டுபவர்கள் இதை அறிந்தால் மகிழ்வர்.

அடுத்து நின்றது பூவரசு. காலையில் மஞ்சளாக விரியும் அதன் பூ மாலையில் செந்நிறமாகி வாடும். செவ்வரத்தை, பருத்தி, வெண்டி ஆகியவற்றின் குடும்பம் இது என்பதை அந்தப் பூவை ஒரு வெண்டிப் பூவுக்கு அருகில் வைத்துப் பார்த்தால் சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். இந்து சமுத்திரக் கரைகளிலும் பசுபிக் தீவுகளிலும் பூவரசு நிற்பதற்குக் காரணம், அதன் விதை கடல்நீரில் மிதந்து சென்று கரையொதுங்கி முளைக்க வல்லது என்பதாகும். உவர்க்காற்றையும் உவர்மண்ணையும் தாங்கும். கடற்கரைக் கிராமங்களில் வேறு எதை நட்டாலும் கருகும் இடத்தில் பூவரசு நிற்பதை மூத்தவர்கள் கண்டுதான் நட்டார்கள். அவர்கள் எந்த நூலையும் படித்து அதைச் செய்யவில்லை.

முள்முருக்கை எல்லோருக்கும் தெரியும். இந்துத் திருமண வீடுகளில் கன்னிக்காலாக ஊன்றப்படுவது அதுவே. ஊன்றிய தடி துளிர்த்தால் குடும்பம் தழைக்கும் என்பது நம்பிக்கை. நம்பிக்கை ஒருபுறமிருக்க, அது துளிர்க்கும் என்பதை அறிந்தே முன்னோர் அந்த மரத்தைத் தேர்ந்தார்கள் என நாம் எண்ணுகின்றோம். பாலையையோ வேம்பையோ வெட்டி ஊன்றியிருந்தால் வீட்டாருக்குக் கவலையே மிஞ்சியிருக்கும்.

வெட்டிய தடி ஏன் மரமாகின்றது? தாவரத்தின் தண்டில் பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே மாறிழையம் என்ற மெல்லிய படை உண்டு. அங்குள்ள கலங்கள் பிரியும் ஆற்றலை இழக்காதவை. தடியை வெட்டியதும், நுனிப்பக்கத்தில் உண்டாகும் ஒட்சின் என்ற வளர்ச்சிப் பதார்த்தம் கீழ்நோக்கி இறங்கி வெட்டுவாயருகில் சேர்கின்றது. அங்கே வேர் தோன்றுகின்றது. புத்தகம் இதனை இடம்மாறிப் பிறந்த வேர் என்கின்றது. ஒட்சின் எப்போதும் நுனியிலிருந்து அடிக்கே செல்லும். தடியைத் தலைகீழாக ஊன்றினாலும் அந்தப் போக்கு மாறாது. ஆதலால் தலைகீழாக நட்ட கதியால் பெரும்பாலும் பட்டுவிடும். இதை அந்த மாணவர் படித்திருந்தனர். ஆச்சி படித்திருக்கவில்லை. ஆனால் "அடியைச் சரிவாய் வெட்டோணும், நுனிக்குச் சாணி அப்போணும், தலைமாறி நட்டா வராது" என்று ஒரே மூச்சில் சொன்னார். சரிவாக வெட்டினால் வெட்டுவாயின் பரப்புக் கூடும். நுனி வெட்டையும் அடி வெட்டையும் பிறகு பிரித்தறியவும் முடியும். சாணம் ஈரம் வெளியேறாமல் காக்கும். ஆச்சியின் மூன்று சொல்லுக்கும் மாணவர்கள் காரணம் சொன்னார்கள். அன்று அந்த ஒழுங்கையில் நடந்ததுதான் தாவரவியல் வகுப்பு.

கிளிசிறியாவைச் சிலர் சீமைக்கிளுவை என்பர். பெயர்தான் கிளுவை, உறவு எதுவும் இல்லை. மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவும் அதன் தாயகம். தேயிலைக்கு நிழலாக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு எங்கும் பரவியது. கிளிசிறியாவும் முள்முருக்கும் அவரைக் குடும்பத்தவை. (முருங்கை நீண்ட காய் காய்ப்பதால் அதையும் இக்குடும்பத்தில் சேர்ப்போர் உளர். அது தனிக் குடும்பம்.) அவரைக் குடும்பத்து மரங்கள் பலவற்றின் வேரில் சிறு முடிச்சுகள் இருக்கும். அவற்றுள் வாழும் றைசோபியம் என்ற பற்றீரியா வளியில் உள்ள நைதரசனைப் பிடித்து மரத்துக்குக் கொடுக்கின்றது. மரம் அதற்குச் சீனிச் சத்தைக் கொடுக்கின்றது. நைதரசனை விலை கொடுத்து வாங்கும் தோட்டக்காரருக்கு இந்தக் கொடுக்கல் வாங்கலை விட முக்கியமான பாடம் தாவரவியலில் இல்லை.

குடாநாட்டுத் தோட்டங்களில் குழை தாழ்ப்பது பழைய வழக்கம். பூவரசு, கிளிசிறியா, காவிளாய், பாவட்டை, பனையோலை எனக் கிடைத்ததை எல்லாம் வெட்டி, கிடங்கு கிண்டித் தாழ்த்து மண்ணால் மூடுவர். புகையிலைக்கும் மரக்கறிக்கும் அதுவே அடிப்பசளை. வேலிக் குழை போதாதபோது வன்னியிலிருந்து வண்டிகளிலும் பின்னர் லொறிகளிலும் குழை வந்தது. உலர்ந்த கிளிசிறியா இலையில் நூற்றுக்கு மூன்று முதல் நான்கு பங்கு நைதரசன் உண்டு. பச்சைக் குழையில் நாலில் மூன்று பங்குக்கு மேல் நீரே என்பதால், 100 கிலோ பச்சைக் குழையில் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் கூடிய நைதரசன் தேறும். யூரியாவில் 46 வீதம் நைதரசன். எனவே ஓர் அந்தர் யூரியா தரும் நைதரசனைக் குழையால் கொடுக்க ஏறத்தாழ மூன்று தொன் குழை வேண்டும்! இதை மறைத்துவிட்டு இயற்கைப் பசளையைப் புகழ்வது நேர்மையன்று. வேலிக் குழையால் மட்டும் ஒரு வெங்காயத் தோட்டத்தை நடத்திவிட முடியாது. ஆனால் யூரியா தராத ஒன்றைக் குழை தருகின்றது. அது உக்கி மண்ணோடு சேர்ந்து, எமது செம்மண்ணில் நீரையும் சத்தையும் பிடித்து வைக்கின்றது. நைதரசனையும் ஒரே நாளில் கொட்டிவிடாது மெல்ல மெல்லக் கொடுக்கின்றது.

மெல்லக் கொடுப்பதன் அருமை எமது கிணறுகளுக்குத் தெரியும். குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் அமைந்தது. மழைநீர் அந்தக் கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி நிலத்தடியில் தேங்குகின்றது. குடிப்பதும் இறைப்பதும் அந்த ஒரே நீரைத்தான். பயிர் எடுத்துக் கொள்ளாத நைதரசன் நைத்திரேற்றாக அதே வழியால் கீழே இறங்கும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பல இந்த அளவைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் பல தடவை காட்டியுள்ளன. பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம். அவர்களின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கலாம். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். இதனைத் தாய்மார் அறிந்திருத்தல் அவசியம்.

2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் திடீரெனத் தடை செய்தபோது, நாடு முழுவதும் விவசாயிகள் வேறு வழி தெரியாது தவித்தனர். அவ்வாண்டு நவம்பரில் அத்தடை பெரும்பாலும் கைவிடப்பட்டது. ஒரே நாளில் உரத்தை நிறுத்தியது தவறு என்பதில் எமக்கு இரு கருத்து இல்லை. மூன்று தொன் குழைக் கணக்கைப் போட்டுப் பார்த்த எவரும் அதைச் செய்திருக்கமாட்டார். ஆயினும் அந்த மாதங்களில் குழை தேடிப் போனவர்களுக்கு வேலிகள் எங்கே இருந்தன?

வேலிகள் மதில்களாகிவிட்டன. வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் முதலில் எழுவது பல இடங்களில் மதிலே. மதில் கட்டுவோரை நாம் பழிக்கவில்லை. ஆண் துணையின்றி இருக்கும் வீட்டுக்கு மதில் ஒரு பாதுகாப்பு. ஆண்டு தோறும் ஓலை வாங்கி, ஆள் பிடித்து வேலி அடைக்கும் செலவும் சிறியதன்று. அன்றியும், கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதால் நீதிமன்றம் வரை போன அயலவர் கதைகள் எமது ஊர்களில் ஏராளம், மதில் நகராது. ஆனால் மதில் குழை தராது. ஆட்டுக்குத் தீனியும் தராது. மதில் வந்த வளவில் ஆடு வளர்ப்பும் மெல்ல நின்றுபோகின்றது.

சுவர்கள் எவ்வளவு காலம் நிற்கும் என்பதையும் நாம் கண்டவர்கள். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல, இருபது ஆண்டுகளுக்கும் மேலான பின்னரே காணிகளைக் காண முடிந்தது. வீடும் மதிலும் இருந்த சுவடு தெரியாத இடங்களில், கிணற்றையும் நின்ற மரங்களையும் வைத்தே "இதுதான் எங்கள் வளவு" என்று இனங்கண்டவர்கள் உண்டு. அன்று நட்ட கதியால் பற்றையின் நடுவே பெருமரமாகி நின்றது.

வேலியில் ஏறிப் படரும் கொடிகளை விட்டுவிட மனமில்லை. முசுட்டையும் முல்லையும் இல்லாமல் இலைக்கஞ்சி இல்லை. ஆடாதோடை கொடியன்று, பற்றையாக நிற்பது. ஆடு தொடாத இலை என்பதால் வந்த பெயர் என்பர். ஆடு தொடாததற்குக் காரணம் அதிலுள்ள வசிசின் என்ற கைப்புச் சத்து. சளியை இளக்குவதற்கு வைத்தியர்கள் எழுதிக் கொடுக்கும் புரோம்ஹெக்சின் என்ற மாத்திரை அந்த வசிசினை ஆராய்ந்து அதன் வழியில் உருவாக்கப்பட்டதே. வேலியில் இலவசமாக நின்றதை நாம் மருந்துக்கடையில் வேறு பெயரில் வாங்குகின்றோம். அதற்காக இருமல் வந்த பிள்ளைக்கு அளவு தெரியாமல் ஆடாதோடைச் சாறு பருக்குங்கள் என்று நாம் சொல்வதாக எவரும் எடுத்துக் கொள்ளக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு அது ஆகாது.

இனி, ஆச்சிக்குப் பெயர் தெரியாத அந்தப் பதினெட்டாவது. கறற் இலை போலப் பிரிந்த இலையும், சிறு வெள்ளைப் பூக்களுமாக வேலியடியில் அழகாகவே நின்றது. அது பார்த்தீனியம். அமெரிக்காவின் வெப்ப வலயத்தைச் சேர்ந்த இக்களை இலங்கையில் முதலில் வவுனியாவில் 1999ஆம் ஆண்டில் இனங்காணப்பட்டது. 1987 முதல் 1990 வரை இங்கிருந்த இந்தியப் படையினருக்கெனக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு வந்திருக்கலாம் எனக் கருதப்படுகின்றது. ஒரு செடி பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விதைகளைச் சிந்தும். பலருக்குத் தோலில் அழற்சியையும் மூச்சுத் தொல்லையையும் உண்டாக்கும். பயிரின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்களையும் மண்ணில் விடும். அது வந்த முதல் ஆண்டுகளில், அயலில் புதிதாக ஒரு செடி நிற்கின்றது என்று ஒருவர் கவனித்துப் பிடுங்கியிருந்தால் போதும். கவனிப்பதற்கு முதலில் பழைய பதினேழும் தெரிந்திருக்க வேண்டும். பதினேழையும் அறிந்தவருக்கே பதினெட்டாவது கண்ணில் உறுத்தும். இது முள்முருக்குக்கும் பொருந்தும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் முருக்கின் இலையையும் துளிரையும் வீங்கிச் சுருளச் செய்யும் ஒரு சிறு குளவி தாய்வான், சிங்கப்பூர், ஹவாய் என்று பரவித் தென்னிந்தியாவையும் அடைந்தது. அத்தகைய இலையை வேலியில் கண்டால் வெட்டி எரிப்பதே முறை.

பெயர் தெரிவது சிறு விடயம் அன்று. 1776இல் தரங்கம்பாடிக்கு வந்த ரொட்லர் என்ற லுத்தரன் குருவானவர் ஒரு கையால் செடிகளைச் சேர்த்து ஐரோப்பாவின் தாவரவியலாளருக்கு அனுப்பினார். மறு கையால் தமிழ் ஆங்கில அகராதி தொகுத்தார். இரண்டும் அவருக்கு ஒரே வேலையாகத்தான் இருந்திருக்கும். எமது மண்ணிலும் 1842இல் மானிப்பாய் அகராதி எனப்படும் யாழ்ப்பாண அகராதி வெளிவந்தது. 1847இல் வந்த வைத்தியர் கிறீன் மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தையே தமிழில் கற்பித்தார். விஞ்ஞானத்தைத் தமிழில் படிப்பது எமக்குப் புதிதல்ல. இன்று எமது பிள்ளைகள் மாறிழையம், உரியம், காழ் என்ற கலைச்சொற்களைத் தமிழிலேயே கற்கின்றனர். முசுட்டை, காவிளாய், பாவட்டை என்ற சொற்கள்தான் கைநழுவுகின்றன. அச்சொற்களை வைத்திருப்போருக்கு எண்பது வயதாகின்றது.

எனவே பங்கு இளைஞர் மன்றங்களும் ஞாயிறு பாடசாலைகளும் செய்யக் கூடிய ஒரு வேலை உண்டு. ஒவ்வொரு குழுவும் ஓர் ஒழுங்கையை எடுத்துக் கொள்ளட்டும். வேலியில் நிற்பவற்றை மூத்தவர் ஒருவரோடு நடந்து எழுதட்டும். ஊர்ப்பெயர், எதற்குப் பயன்பட்டது, எப்போது பூக்கின்றது ஆகிய மூன்றும் போதும். ஒரு கிளையைப் பழைய பத்திரிகைத் தாள்களுக்கு நடுவே வைத்துப் பாரமேற்றி, இரண்டு நாளுக்கொரு தடவை தாளை மாற்றினால் இரண்டு வாரத்தில் உலர்ந்துவிடும். தெரியாதவற்றைத் திருநெல்வேலியில் உள்ள பல்கலைக்கழகத் தாவரவியல் துறையினரிடம் காட்டிக் கேட்கலாம். பார்த்தீனியத்தைக் கண்டால் பூக்குமுன் கையுறையோ பொலித்தீன் பையோ அணிந்து வேரோடு பிடுங்கவும்.

மதில் கட்டியவர்களும் அதன் உட்புறமாக மூன்றடி தள்ளிக் கதியால் நடலாம். வேர் மதிலைத் தள்ளாதிருக்க, மரத்தை உயர விடாமல் வெட்டி வரவேண்டும். குழைக்கும் அதுவே நல்லது. கிளிசிறியாவாயின், ஒரு வருடத்துக்கு மேல் முற்றிய, பெருவிரலைவிடத் தடித்த கிளையில் நாலைந்து அடி நீளமாக வெட்டி, ஓரடி ஆழத்தில், ஐப்பசி மழை தொடங்கியதும் ஊன்றவும். முதல் வருடம் வெட்டக் கூடாது. அதன்பின் ஆண்டுக்கு மூன்று தடவை குழை எடுக்கலாம். ஆடுகள் முதலில் மணத்துக்கு ஒதுக்கும். அரை நாள் வாடவிட்டு வேறு இலையோடு கலந்து கொடுத்தால் பழகிவிடும். ஊன்றிய இரண்டொரு வாரத்தில் துளிர் வந்ததும் தடி பிடித்துவிட்டது என எண்ணி ஓலை கட்டத் தொடங்குவோர் உண்டு. தடியில் சேர்ந்திருந்த உணவைக் கொண்டே துளிர் வருகின்றது. வேர் அதற்குப் பின்னரே. தை பிறக்கும் வரை கதியாலை ஆட்டாமல் விடவும்.